இடியனும் நாட்டுத் துப்பாக்கியும்

"உங்க ஊர்ல துப்பாக்கின்னாலே இயக்கம்தானே சார்? மான் வேட்டையெல்லாம் எங்க மலைக்காரங்க விஷயம்." சேலத்துப் பக்கம் ஒரு கலியாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இப்படிச் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. பாயசத்துக்குக் கை காட்டிக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் இலங்கையின் வன்னியில் பிறந்தவனுக்கு அது செரிக்கிற பேச்சல்ல. இயக்கங்கள் பிறப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னரே எங்கள் வீட்டு முகட்டில் ஒரு துவக்குச் செருகியிருந்தது. அது ஆளுக்கு வாங்கியதல்ல. வயலுக்குள் இறங்கும் பன்றிக்கும், வருசத்தில் சில நாள் சட்டிக்கு வரும் மானுக்கும் வாங்கியது.

அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. கலியாண வீட்டில் வாதம் எதற்கு? இங்கே சொல்கிறேன். பொழுதுபடும் நேரத்தில் வாய்வழி மருந்து இடிக்கும் துவக்கோடு மானுக்குப் போவது இரண்டு கரையிலும் இருந்த பழக்கம். எங்கே எப்படி இருந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நடுவாக நின்றுதான் எழுதுகிறேன். கை கொஞ்சம் வன்னிப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாமானைப் பார்ப்போம். எங்களுக்கு அது இடியன். குழல் வாயால் மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து இறுக்குவதால் வந்த பெயர் என்பார்கள். தமிழ்நாட்டில் அதற்கு நாட்டுத் துப்பாக்கி என்று பெயர். உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருக்கும். எங்கள் சன்னம் அங்கே ரவை. ரவை கிடைக்காத இடத்தில் சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் இரும்புக் குண்டைப் போடுவார்கள். அதை அவர்கள் பால்ரஸ் என்பார்கள். நாங்களும் போட்டதுண்டு, போள்ஸ் என்று சொல்லி. மருந்துக்கு மேல் அடைக்க எங்களுக்குத் தென்னந்தும்பு, அவர்களுக்குத் தேங்காய் நார். குழலடித் துளைக்கு மேலே கேப்பு, அதன் தலையில் வந்து தட்டும் குதிரை, விரலுக்கு விசை. இவற்றில் எந்த வேறுபாடும் இல்லை. இரண்டும் ஒரே கொல்லன் பட்டறைப் பிள்ளைகள் என்று சொன்னால் நம்பலாம்.

அதன் குணமும் ஒன்றுதான். ஒரு வெடி. அது தப்பினால் மறுபடி மருந்து கொட்டி, தும்பு வைத்து, இடித்து, சன்னம் போட்டு, மறுபடி இடிக்க வேண்டும். அதற்குள் மான் அடுத்த ஊர் எல்லையைக் கடந்துவிடும். முப்பது நாற்பது யாருக்கு அப்பால் அதை நம்பவும் முடியாது. மழை ஈரம் பட்டால் சீறிவிட்டு அணைந்துபோகும். ஆகவே இடியன் வைத்திருப்பவனுக்குக் குறிபார்க்கத் தெரிந்தால் மட்டும் காணாது. மிருகத்துக்குக் கிட்ட இருக்கத் தெரிய வேண்டும். அந்த இருப்பில்தான் எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் பிரிகின்றன.

வன்னி தட்டை நிலம். மார்கழி மழையில் காடெல்லாம் தண்ணீர் நிற்கும். வைகாசி பிறந்தால் நீர்நிலைகள் ஒவ்வொன்றாய் வற்றத் தொடங்கி, ஆடி ஆவணியில் பெரிய குளங்களும் காட்டுக்குள் ஒன்றிரண்டு மோட்டைகளும்தான் மிஞ்சும். மோட்டை என்பது காட்டுக்குள் தானாய் அமைந்த சிறு குட்டை. தண்ணீர் குறையக் குறைய மிருகம் வரும் இடமும் குறையும். இதே காலத்தில்தான் பாலைப்பழம் பழுத்துக் கொட்டும். வீரைப்பழமும் அப்படியே. பழத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மான் போய் வரும் பாதை ஒற்றையடியாய்த் தேய்ந்து கிடக்கும். வேட்டைக்காரன் மிருகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

எங்கள் பெரியப்பாவோடு அப்படி இருந்திருக்கிறேன். பின்னேரம் நாலு மணிக்கே மோட்டைக்குப் போய்விடுவோம். போகும் வழியில் ஒரு குழையை முறித்து ஐயனார் மரத்தில் வைத்துக் கும்பிடுவார். அன்று சவர்க்காரம் போட்டுக் குளிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. சுருட்டு இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்கமாட்டாத மனிதர், அன்று மட்டும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். காய்ந்த சேற்றை விரலால் நுணுக்கி விழவிட்டு, தூள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் இடம் பிடிப்பார். காற்று மோட்டையிலிருந்து எங்களுக்கு வர வேண்டும், எங்களிலிருந்து மோட்டைக்குப் போகக் கூடாது. நிலத்தில் இருக்கவும் விடமாட்டார். காரணம் மான் அல்ல, கரடி. பாலைப்பழத்துக்குக் கரடியும் வரும். வன்னிக் காட்டில் யானையைவிடக் கரடிக்குப் பயந்தவர்களே கூடுதல். ஆகவே கொப்பில் நாலு தடி கட்டிய பரண்.

பிறகு காத்திருப்பு. முதலில் மயில் வரும், அது பரவாயில்லை. பயப்பட வேண்டியது ஆட்காட்டிக்கு. அந்தக் குருவி கரையில் நடந்துகொண்டே இருக்கும். பரணில் ஒரு கால் அசைந்தால் போதும், கத்தி எழும்பிவிடும். அதோடு அன்றைய பாடு முடிந்தது. அங்கேயும் அதற்கு ஆட்காட்டி என்றுதான் பெயர். கடல் கடந்தும் பெயர் மாறாத ஒரு கோள்காரன்!

மான் கூட்டமாய் வந்தாலும் பிணை என்னும் பெண் மான்தான் முதலில் வெளியே தலை காட்டும். தண்ணீருக்குக் கிட்ட வந்து நின்று, முன்காலால் நிலத்தை ஒருமுறை தட்டும். காதைத் திருப்பும். குடிப்பதுபோலத் தலையைக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். அசைந்தவன் கெட்டான். இப்படி இரண்டு மூன்று தரம் ஏமாற்றிவிட்டுத்தான் உண்மையாகக் குடிக்கும். அதன் பின்னர்தான் கலை என்னும் ஆண் மான் வரும். பெரியப்பா குதிரையை முன்னமே முழுதாய் இழுத்து வைத்திருப்பார், அந்த 'டிக்' சத்தம் கடைசி நேரத்தில் கேட்கக் கூடாது என்று. வெடி விழுந்தால் முன்னுக்கு ஒரே புகை. பட்டதா இல்லையா என்று தெரியாது. உடனே இறங்கி ஓடினால், பட்ட மிருகமும் பயத்தில் எங்கேயோ போய் விழுந்து நரிக்குத்தான் இரையாகும். ஒரு சுருட்டுக் குடிக்கும் நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ரோச் லைற்றோடு இலையில் இரத்தம் பார்த்துக்கொண்டு போவார்.

சினைப் பிணைக்கும், குட்டியோடு நிற்பதற்கும் வெடி வைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து ஒழுங்கு. மங்கிய வெளிச்சத்தில் சினை தெரியுமா என்று கேட்காதீர்கள். ஒழுங்கு அதுதான்.

கொண்டுவந்த இறைச்சியைத் தனியாக யாரும் வைத்துக்கொள்வதில்லை. துவக்குக்கு ஒரு பங்கு, வெடி வைத்தவனுக்கு ஒன்று, தூக்கி வந்தவர்களுக்கு ஒவ்வொன்று. தேக்கிலையில் சுற்றி அயல் வளவுகளுக்கும் போகும். மிஞ்சியது மஞ்சளும் உப்பும் பிரட்டி வற்றலாகும். வற்றலை அம்மியில் தட்டிப் பொரித்து, குரக்கன் பிட்டோடு சாப்பிட்டவனுக்கு நட்சத்திர ஹோட்டல் எதற்கு?

இனி அக்கரை. நான் போய்ப் பார்த்தது கல்வராயன் மலை. சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையில் கிடக்கிறது. அங்கே வாழும் மலையாளிகள் பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது; அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மலையேறி வந்ததாகத் தங்கள் வம்சக் கதையைச் சொல்வார்கள். 1976 வரைக்கும் அந்த மலை அரசாங்கத்தின் நேரடிக் கையில் இருக்கவில்லை, ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. வன்னிமைகள் என்ற சிற்றரசுகளின் கதை தெரிந்த எனக்கு இது உடனே ஒட்டிக்கொண்டது. அந்தச் சிற்றரசர்களில் ஒருவனான பண்டாரவன்னியன் 1803இல் வெள்ளைக்காரரிடம் தோற்ற கற்சிலைமடு எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. காட்டுக்குள் இருக்கும் சனத்தைக் கடைசியாகத்தான் எந்த அரசும் வந்து பிடிக்கிறது.

என்னை அழைத்துப்போன நண்பர் ஒரு பெரியவர் வீட்டில் உட்கார வைத்தார். "சிலோன்லயிருந்து வந்திருக்கார் தாத்தா, வேட்டையப் பத்திக் கேக்கணுமாம்" என்றார். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்ப ஏதுங்க வேட்டை" என்று ஆரம்பித்தார். மரவள்ளிக் காட்டையும் சாமைக் காட்டையும் கையால் காட்டினார். அவர்களுக்கு விதைத்த நிலமும் காடுதான், அது ஒரு வேடிக்கை. கதிர் பிடிக்கும் காலத்தில் பரணில் காவல் இருப்பதும், பன்றி வந்தால் தகரம் தட்டுவதும் எங்கள் கதையே. மானுக்குப் போவது மட்டும் வேறு மாதிரி. மூன்று நாலு பேர் நாயோடு சரிவில் இறங்கிக் கலைப்பார்களாம். துப்பாக்கிக்காரர் மேலே ஓர் இடுக்கில் நிற்பார். ஓடிவரும் மானுக்குக் குறி. துப்பாக்கியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது மாட்டியிருந்த ஆணியைக் காட்டினார். உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படையுங்கள், வழக்குப் போடமாட்டோம் என்று போலீஸ் சொன்னபோது, ஊரெல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்களாம்.

எனக்கு உடனே தோன்றியது, நாய் குரைக்க ஆள் கத்த ஓட்டிச் சுடுவதும் ஒரு வேட்டையா என்பதுதான். ஓடுகிற மிருகத்துக்கு வைக்கும் வெடி சரியான இடத்தில் படாது. காயப்பட்டுப் போய் எங்கோ கிடந்து சாகும். மோட்டையில் குனிந்து நிற்கும் மானுக்கு அந்த வாதை இல்லை. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். மலையில் ஓடைகள் பல. மான் எந்த ஓடையில் குடிக்கும் என்று எவன் சொல்வான்? ஒரே தண்ணீரில் எல்லா மிருகமும் வந்து சேரும் வறட்சி எங்களுக்கு வாய்த்தது, பொறுமையும் அதோடு சேர்ந்து வாய்த்தது. அவர்களுக்குச் சரிவு வாய்த்தது, கால் வாய்த்தது. இவ்வளவும் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்ட பின்னும் பரணே மேல் என்றுதான் மனம் சொல்கிறது.

பெயர்களில் நாங்கள் இன்னும் வேடிக்கையாகப் பிரிகிறோம். பெரியவரிடம் மரை உண்டா என்று கேட்டபோது அவர் திருகாணியை நினைத்தார். எங்கள் மரை அவர்களுக்குக் கடமான். குமரி, நெல்லைப் பக்கம் போனால் மிளா. சங்கப் பாடல்களில் வரும் சொல் மரை என்பதை இங்கே மெல்லச் சொல்லி வைக்கிறேன். எங்கள் உக்குளான் அங்கே சருகுமான். சருகுக்குள் மறையும் முயலளவு மானுக்கு அவர்கள் வைத்த பெயர் அழகுதான், மறுக்கவில்லை. எங்களுக்கு இறைச்சி, அவர்களுக்குக் கறி. எங்களுக்குப் பங்கு, அவர்களுக்குக் கூறு. எங்கள் வற்றல் அங்கே உப்புக்கண்டம். வெறுமனே மான் என்றால் எங்களுக்குப் புள்ளிமான்தான். அவர்களுக்கு முறுக்குக் கொம்புள்ள வெளிமானும் உண்டு. அது இலங்கையில் இல்லை. புலியும் செந்நாயும் இல்லை. அதனால் எங்கள் காடு சின்னக் காடு என்று நினைப்பவர் திருக்கோணமலைக்கு ஒருமுறை வர வேண்டும். பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் கடைத்தெருவிலும் புள்ளிமான் ஆடுபோல நடந்து திரியும். சென்னையில் கிண்டியிலும் மான் உண்டு என்பீர்கள். உண்டு, வேலிக்குள்ளே.

வேட்டையாடுபவன் யார் என்ற கேள்விக்கு வந்தால் பேச்சு சற்றுக் கனக்கிறது. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்றதும் சமவெளிக்காரர் நரிக்குறவரையோ மலைவாசியையோதான் கைகாட்டுகிறார். நரிக்குறவர் அதில் பெரும்பாலும் சுட்டது கொக்கும் காடையும் முயலும். பந்தியில் என்னோடு பேசியவரும் "மலைக்காரங்க" என்று தள்ளித்தான் வைத்தார். வன்னியில் துவக்குக்காரன் தனி ஆள் அல்ல. காலபோக நெல் விதைப்பவன், காடழித்துச் சேனை வெட்டுபவன், கோயில் தர்மகர்த்தா, சில வேளை பள்ளிக்கூட வாத்தியாரும். அ. பாலமனோகரன் 1973இல் எழுதிய 'நிலக்கிளி'யில் தண்ணிமுறிப்புக் காட்டைப் படித்தவர்களுக்கு இது தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தவர்கள் எங்களைக் காட்டார் என்றதும் உண்மைதான். அப்படிச் சொன்னவர்களும் வற்றல் என்றால் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இந்தியா என்று ஒரே சொல்லில் அடக்குவதும் சரியல்ல. குடகில் துப்பாக்கி வைத்திருப்பது குடும்பக் கௌரவம். கொடவர்களுக்கு உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு. கயில்போல்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுகிறார்கள். அதை எங்கள் சனம் பார்த்தால் பெருமூச்சு விடும்.

சாமிக்கும் இதில் பங்குண்டு. காஞ்சி வரதர் மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். எங்கள் ஊர்க் கோயில்களில் திருவிழாவின் ஒரு நாள் வேட்டைத் திருவிழா. முருகன் மானைத் தேடும் வேடனாய் வள்ளியிடம் வந்த கதையை இரண்டு கரையும் சொல்கிறது. அவர்கள் அதை வள்ளிமலையில் வைத்துச் சொல்வார்கள், நாங்கள் கதிர்காமத்தில் வைத்து. வள்ளியை எங்கள் வேடர் மகள் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அதை விட்டுக்கொடுக்கச் சொன்னால் கொஞ்சம் கஷ்டம்.

மான் குறைந்ததற்கு இடியன்காரனைக் குற்றம் சொல்லும் பழக்கமும் இரண்டு கரைக்கும் பொது. அதைத் தொடங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். நுவரெலியாவில் நாய்க்கூட்டத்தை விட்டு மரையைக் கலைத்துக் கொன்ற கதையைச் சாமுவேல் பேக்கர் 1854இல் ஒரு புத்தகமாகவே போட்டார். அப்படிக் கொன்று தள்ளிய கூட்டமே மிருகம் குறைகிறது என்று பின்னர் விழித்துக்கொண்டது. நீலகிரிக்கு 1879இல் வேட்டைச் சட்டம் வந்தது, இலங்கையில் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. துரை சுட்டால் விளையாட்டு, சட்டிக்குச் சுட்டால் திருட்டு. லெனார்ட் வுல்ஃப் 1913இல் எழுதிய காட்டுக் கிராம நாவலில் வரும் சிலிந்துவும் வாய்வழி மருந்திடும் நீளத் துவக்கோடு தண்ணீரண்டை காத்திருப்பவன்தான். அந்தத் துரைமார் கூட்டத்தில் ஒருவராவது அவன் பக்கம் நின்று பார்த்திருக்கிறார்.

பிறகு சட்டங்கள் இறுகின. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இந்தியாவில் 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். உரிமம் எடுத்து வேட்டையாடச் சட்டத்தில் இருந்த வழியையும் 1991இல் அடைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சட்டம் செய்யாததைப் போர் செய்தது. எண்பதுகளில் பல ஊர்களில் அனுமதித் துவக்குகள் இயக்கங்களின் கைக்குப் போயின. சனம் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது காட்டுக்குள் மிதிவெடி. மோட்டைக் கரையில் இருந்து பழகிய ஒரு தலைமுறை அப்படியே அறுந்துபோனது.

அந்த இடத்துக்கு இப்போது வந்திருப்பதை வேட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். கண்ணைக் கூச வைக்கும் லைற் அடித்து, மான் மலைத்து நிற்கும்போது விழுத்துகிறார்கள். சினையும் இல்லை, குட்டியும் இல்லை, எது நின்றாலும் சரி. பாதையில் கட்டுத்துவக்கைக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதில் விறகுக்குப் போன மனிதனின் காலும் போயிருக்கிறது. பன்றிக்கென்று தீனிக்குள் வைக்கும் வெடி எங்கள் நாட்டில் ஹக்கபட்டாஸ், தமிழ்நாட்டில் அவுட்டுக்காய். இரண்டும் யானைக் குட்டியின் வாயில் வெடிக்கின்றன. இங்கே மட்டும் என்னால் எங்கள் பக்கத்தை உயர்த்திப் பேச முடியவில்லை.

பெரியவர் வீட்டை விட்டு எழும்பும்போது, இப்போது யார் சுடுகிறார்கள் என்று கேட்டேன். "சுடறவன விடுங்க, கேக்கறவன் யாருன்னு பாருங்க" என்றார். மலையில் அறை எடுத்துத் தங்க வருபவர்கள் மான் கறி கிடைக்குமா என்று கேட்கிறார்களாம், காசும் நீட்டுகிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஏ-9 வீதி நினைவு வந்தது. ஆடி ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற எங்கள் ஆக்களும் வந்து இறங்கியதும் கேட்பது, "மான் வத்தல் எடுக்கலாமோ?" ஊர்ப் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பங்காய்ப் போன இறைச்சி கிலோக் கணக்கில் விலைக்குப் போகத் தொடங்கினால், ஒரு மான் போதும் என்ற கணக்கு அங்கேயே முடிந்துவிடும். சட்டிக்குப் போன காலத்தில் இடியனும் அளவாய் இருந்தது, நாட்டுத் துப்பாக்கியும் அளவாய் இருந்தது. அளவைக் கெடுத்தது சந்தை.

ஆகவே எந்த வேட்டை மேல் என்ற வழக்கில் என் தீர்ப்பு வன்னிக்குத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அது நடந்து முடிந்த காலத்துக்கான தீர்ப்பு. இன்று இரண்டு நாட்டிலும் மானைக் கொல்வது மட்டுமல்ல, அதன் இறைச்சியை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். வன்னிக்கு வரும் உறவுகளே, கல்வராயனுக்குப் போகும் நண்பர்களே, ஆட்டிறைச்சி கேளுங்கள், கோழி கேளுங்கள், குளத்து மீன் கேளுங்கள். மான் இறைச்சி தரட்டுமா என்று யாராவது காதோடு சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.